அத்தியாயம் 14: நீலச் சாக்பீஸ் போட்ட ஐந்து வரிகள்

போன வாரம் ஷெரின் தன் இந்திப் பேச்சை ஓர் இடத்திலும் தடுக்காமல் சொல்லி முடித்ததும், வீடே கைதட்டியதில் நிறுத்தினோம். பிரிஸ்கில்லாவும் சேர்ந்துதான் தட்டினாள். அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது வேண்டியிருக்கும்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் ஜாஸ்மினுக்குச் செக்கிங் வேலை. கணவர் சாம்சன் நூல் மில்லில் ஃபிட்டர். மூத்தவள் பிரிஸ்கில்லா பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபினுக்கும் கல்யாணம் பேசி முடித்து, சர்ச்சில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பையன் பெயரையும் பெண் பெயரையும் சபையில் வாசித்து, யாருக்காவது இதில் தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்களே, அந்த ஓலை. மூன்றாவது, வருகிற ஞாயிறு.

இளையவள் ஷெரினுக்குப் பத்து வயசு. அக்காவைத் தமிழ் மீடியத்தில் படிக்கவைத்தவர்கள் இவளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள். அங்கே இந்தியும் உண்டு. வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது.

ஆனாலும் அந்த இந்தி வீட்டுப்பாடத்தை ஜாஸ்மின்தான் பார்த்தாள். எழுத்து தெரியாது, குறை தெரியும். பகல் முழுக்க விளக்கு மேஜையில் துணியை ஓடவிட்டு, இழை விட்டுப்போன இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய் பட்ட இடம் என்று கண்டுபிடித்து நீலச் சாக்பீஸால் கோடு போடுகிறவள். அதே கண்ணை மகள் நோட்டிலும் வைத்தாள். புத்தகத்து வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல், நோட்டு வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல். இந்தக் கொக்கி அங்கே வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, உன் கொக்கி நேரே நிற்கிறது. இந்தப் புள்ளி உனக்கு விட்டுப்போச்சு. டியூஷன் போகிற பிள்ளைகளைவிட ஷெரினுக்கு மார்க் கூட வந்தது.

ஒரே ஒரு தடவைதான் ஜாஸ்மினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. 'என்னால் மறக்க முடியாத ஒரு நாள்' என்று டீச்சர் சொந்தமாக எழுதச் சொல்லியிருந்தார். சொந்தமாக எழுதியதற்குப் புத்தகத்தில் சாம்பிள் ஏது? எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்டதற்கு, பரீட்சை லீவில் அக்காவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோமே, பால்கோவா தின்னோமே, அதை எழுதினேன் என்றாள் ஷெரின். டீச்சர் சிவப்பு மையில் ஸ்டார் போட்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிற பேச்சுப் போட்டிக்கு அதையே பேசட்டும் என்றும் எழுதியிருந்தார். அப்புறம் என்ன, சரியாகத்தான் இருக்கும்.

ஷெரின் சொல்லச் சொல்ல, ஜாஸ்மின் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். மூன்று வாரம் மகள் சொல்வாள், அம்மா தாளைப் பார்த்து நிற்பாள். மகள் தடுக்கினால் அடுத்த சொல்லை அம்மாவின் உதடு எடுத்துக் கொடுக்கும். இரண்டாவது வாரத்தில் தாளே வேண்டியிருக்கவில்லை. இட்லி ஊற்றும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அர்த்தம் தெரியாத அந்தப் பேச்சு ஜாஸ்மின் வாயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

போட்டிக்கு வரச் சொல்லி ஜெபினின் அம்மா ஞானப்பூவையும் அவளே கூப்பிட்டிருந்தாள். ஞானப்பூவின் கணவர் ரயில்வேயில் இருந்தவர். இருபது வருஷம் ஜான்சியில் குடும்பம் நடத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர்கள். இந்தி கேட்டு எம்புட்டு நாளாச்சு, கட்டாயம் வாரேன் என்று ஞானப்பூ சந்தோஷப்பட்டிருந்தாள்.

போட்டி நடக்கிற அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

*

போட்டி மத்தியானம் இரண்டரைக்கு. ஜாஸ்மின் அரை நாள் சொல்லிவிட்டுக் காலையில் வேலைக்குப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து அவள் மேஜைக்கு எதிரே புதிதாக ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். பூனம் என்று பெயர். ஜார்க்கண்ட் பெண். இரண்டு வருஷமாகப் பேக்கிங் பக்கம் இருந்தவள், இப்போது செக்கிங்குக்கு வந்திருந்தாள். ஜாஸ்மினுக்குத் தெய்வமே அனுப்பியது போல இருந்தது. இந்தி பேசுகிறவள் ஒருத்தி காதில் ஒரு தடவை போட்டுவிட்டால், உச்சரிப்பு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

டீ நேரத்தில் தாளை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பூனம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் சிரித்தாள். பாதியில் கண் பெரிதானது. முடிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜாஸ்மின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அக்கா, ஸ்வீட் எங்க?"

எதுக்கு ஸ்வீட், இன்னும் பரிசே வாங்கலியே என்றாள் ஜாஸ்மின்.

"பரிசு இல்ல. பெரிய பொண்ணு கல்யாணம்."

அந்தக் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, உன்னைக் கூப்பிடாமலா போவேன் என்று ஜாஸ்மின் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூனம் குறுக்கே பேசினாள். சர்ச் கல்யாணம் இல்லை, ஆபீஸ் கல்யாணம். சின்னப் பொண்ணு எழுதியிருக்கிறாளே, அந்தக் கல்யாணம்.

ஜாஸ்மினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே எழுதியிருக்கிறாள், திரும்பச் சொல் என்றாள். பூனம் தனக்குத் தெரிந்த தமிழில், துணியைப் பிரிப்பது போல வரி வரியாகப் பிரித்துச் சொன்னாள்.

"தீதி, அக்கா. அக்கா புதுச் சேலை கட்டினா. ஆபீஸ் போனோம். அங்க ஒரு பையா, அண்ணன், நின்னாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. சுவர்ல ஒரு காகிதம் ஒட்டினாங்க. அதுல ரெண்டு பேர் போட்டோ. முப்பது நாள் காகிதம் இருக்கும். அப்பறம் ரெண்டு பேருக்கும் கல்யாணம். அக்கா அன்னைக்கு நெறைய சிரிச்சா. வீட்ல அப்படிச் சிரிச்சு நான் பாக்கல."

மேஜைக்குள் எரிந்த ட்யூப்லைட் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் கீழிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். மெஷின் சத்தம் காதை விட்டு எங்கேயோ போய்விட்டது.

மூன்று வாரம். இட்லி ஊற்றும்போது. பஸ்ஸுக்கு நிற்கும்போது. சாம்சன் சாப்பிட உட்காரும்போது. பிரிஸ்கில்லாவே பக்கத்தில் இருந்து, அந்த இடத்தில் குரலை இன்னும் கொஞ்சம் ஏத்துட்டி என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன் ரகசியத்துக்குத் தானே கைதட்டியிருக்கிறாள்.

டீச்சர் கூட வாசலில் பார்த்தபோது, வீட்டில் விசேஷம் போல, வாழ்த்துகள் என்று சொன்னாரே. ஜெபின் கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்று ஜாஸ்மின் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்ட பூனத்தின் முகம் சின்னதாகிவிட்டது.

ஜாஸ்மின் சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தாள். அந்தச் சங்கதி எந்த வரியில் ஆரம்பிக்கிறது, எந்த வரியில் முடிகிறது, கோடு போட்டுக் காட்டு என்றாள். பூனத்துக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. ஜாஸ்மின் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கோடு போட்டாள். ஐந்து வரி. குறைத் துணிக்குப் போடுகிற அதே நீலம்.

*

பன்னிரண்டரைக்கு ஷெரினைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். இரட்டைப் பின்னல், இஸ்திரி போட்ட சீருடை, நெஞ்சில் பள்ளிக்கூட பேட்ஜ். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும், அக்காவோடு ஆபீஸில் நின்ற அண்ணன் யார் என்று கேட்டாள் ஜாஸ்மின்.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"யாரும்மா சொன்னா?"

"நீதான் சொல்லியிருக்க. மூணு வாரமா எங்கிட்ட சொல்லியிருக்க. யாருட்டி அது?"

ஷெரின் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, கௌதம் அண்ணன் என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற கௌதம்ராஜ். வன்னியம்பட்டிப் பையன். ஜாஸ்மினின் போன் தண்ணீரில் விழுந்தபோது சரிபண்ணிக் கொடுத்தவன். பிள்ளைக்கு இந்தி சொல்லிக்கொடுக்க அவள் படுகிற பாட்டைப் பார்த்து, எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்கிற பாடங்களைத் தேடி அந்தப் போனில் ஏற்றிக் கொடுத்தவன். காசு வேண்டாம்க்கா என்றவன். தங்கமான தம்பி என்று வீட்டில் வந்து சொன்னதே ஜாஸ்மின்தான்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஷெரினைச் சேர்த்து அனுப்பியதும் அவள்தான். பட்டச் சான்றிதழ் வாங்கக் காலேஜுக்குப் போகிறேன் என்று பிரிஸ்கில்லா கிளம்பியபோது, கல்யாணம் பேசுகிற பொண்ணு தனியாகப் போகக் கூடாது, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ என்று காவலுக்கு அனுப்பிவைத்தாள். காவலுக்குப் போனவள் பால்கோவா தின்றுவிட்டு வந்து, நடந்ததை நோட்டில் எழுதிவிட்டாள்.

ஜாஸ்மினின் கை உயர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கை இறங்கி ஸ்கூல் பையின் மேல் விழுந்தது.

ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்டாள்.

"வீட்ல யார்கிட்டயும் சொல்லிறாதன்னு அக்கா பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டா. நான் யார்கிட்டயும் சொல்லலியேம்மா. எழுதத்தான செஞ்சேன். அதுவும் ஒங்க யாருக்கும் தெரியாத பாஷையிலதான் எழுதுனேன்." ஷெரினுக்குக் குரல் உடைந்தது. "எனக்கு எங்கயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அக்கா அம்புட்டு சந்தோஷமா இருந்தா."

ஜாஸ்மினுக்குக் கல்யாணம் பேசி முடித்த நாள் ஞாபகம் வந்தது. ஜெபின் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஒனக்குச் சம்மதந்தானே என்று சாம்சன் கேட்டார். உங்க இஷ்டம்ப்பா என்றாள் பிரிஸ்கில்லா. குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். சாம்சனுக்கு எதிரே நின்று மாற்றுப் பேச்சு பேசி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை. ஜாஸ்மினுக்கே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். ஞானப்பூ அங்கே காத்திருப்பாள். வரவில்லை என்றால் போன் போடுவாள். சாயங்காலம் வீட்டுக்கே வருவாள். இந்தா, எங்கிட்ட சொல்லிக் காட்டு கண்ணு என்று பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். அதைவிட மேடை தேவலை.

தாளை எடுத்து விரித்தாள். நீலக் கோடு போட்ட ஐந்து வரியையும் காட்டினாள். இந்த இடம் வந்ததும் நான் கையை மூடுவேன். நீ இந்த அஞ்சையும் விட்டுவிட்டு, பால்கோவா தின்ற வரிக்குத் தாவிவிடு. புரிந்ததா என்று கேட்டாள்.

ஷெரின் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். நடுவில் தாவி எனக்குப் பழக்கம் இல்லையேம்மா என்றாள்.

தாவித்தான் ஆகணும் என்றாள் ஜாஸ்மின்.

*

பள்ளிக்கூட அரங்கில் ஞானப்பூ முன்வரிசையிலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பால்கோவா பெட்டி. ஜாஸ்மினைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பொண்ணு எப்படி இருக்கா, கடையில லீவு சொல்லியாச்சா, ஜெபின் புதன்கிழமை கோயம்புத்தூரில் இருந்து வருதான் என்று விடாமல் பேசினாள். ஜாஸ்மின் எல்லாவற்றுக்கும் ஆமாம் மதினி என்றாள்.

ஷெரினுக்கு ஏழாவது நம்பர். ஆறு பிள்ளைகள் தேசத்தைப் பற்றியும் மரம் நடுவதைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். ஷெரின் ஏறினாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் டீச்சர் பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுத்தார்.

ஜாஸ்மின் ஓரத்தில், பிள்ளை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஞானப்பூ வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை கதை கேட்பது போலக் கேட்டாள். பஸ்ஸில் போனது வந்தது. வெயில் வந்தது. அக்கா புதுச் சேலை கட்டியது வந்தது. அடுத்தது நீலக் கோடு.

ஜாஸ்மின் கையை மூடினாள்.

ஷெரின் அந்தக் கையைப் பார்த்தாள். நிறுத்தினாள். தாவ வேண்டிய வரியைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. கண் மேலே போயிற்று, கீழே வந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். ஒரு நிமிஷமா, அரை நிமிஷமா, அரங்கில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. ஷெரினின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மூடிய கையை விட்டுவிட்டு, மூன்று வாரமாகப் பார்த்துப் பழகிய இடத்தைப் பார்த்தாள். அம்மாவின் வாயை.

நான் இதை எப்படிச் சொல்வேன். ஜாஸ்மின் நினைத்துச் செய்யவில்லை. பிள்ளை தடுக்கி நின்று முகத்தைப் பார்த்தால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகின உதடு. அது தானாக அசைந்தது.

"ஹம் ஏக் ஆஃபிஸ் கயே..."

நாங்கள் ஓர் ஆபீஸுக்குப் போனோம்.

ஷெரினின் முகம் பளிச்சென்று ஆனது. பிடித்துக்கொண்டாள். பிறகு யாராலும் நிறுத்த முடியாது. ஐந்து வரியையும் ஒன்று விடாமல், குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏற்றி, அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே, கணீரென்று சொன்னாள். வீட்டில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்கிற கடைசி வரியைச் சொல்லும்போது அவளே சிரித்தாள். அரங்கு கைதட்டியது. நடுவர்களும் தட்டினார்கள். அவர்களுக்கு இது ஒரு பிள்ளை, அதன் அக்கா, அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஞானப்பூ மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். மேடையை அவள் பார்க்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜாஸ்மினைப் பார்த்தாள்.

*

வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஷெரின் சற்றுத் தள்ளி, போட்டிக்கு வந்த மற்றப் பிள்ளைகளோடு நின்றாள். ஞானப்பூ, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"ஆமா மதினி."

"வரிக்கு வரி?"

"வரிக்கு வரி."

"நின்னு போனதையும் நீங்கதான் எடுத்துக் குடுத்தீக. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஜாஸ்மின் தலையை அசைத்தாள்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரலியாக்கும். அதான் இம்புட்டுப் பேரு இருக்குற எடத்துல, எனக்கு மட்டும் வெளங்குற மாதிரி சொல்ல வச்சிருக்கீக."

காலையில் இருந்து விழுந்த இடிகளில் இதுதான் ஜாஸ்மினை அசையவிடாமல் நிறுத்தியது. இப்படி ஓர் அர்த்தம் இதற்கு உண்டாகும் என்று அவள் நினைக்கவே இல்லை. இல்ல மதினி, எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும், அவளை நான் வழிக்குக் கொண்டாந்துருதேன், நீங்க மனசுல வச்சுக்கிடாதீக. இந்த வார்த்தைகள் அவ்வளவும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. சொல்லியிருந்தால் ஞானப்பூ நம்பியிருப்பாள். ஓலையும் வாசித்திருப்பார்கள். பிரிஸ்கில்லாவும் குனிந்த தலையோடு சர்ச் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றிருப்பாள், யார் கண்டது.

கடைசி வரி காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது அதற்கு அர்த்தமும் தெரியும்.

"நேர சொல்ல வாய் வரல, மதினி" என்றாள்.

ஞானப்பூவின் கண் சிவந்தது. "எம்மவன் பேர ரெண்டு தடவ சபையில வாசிச்சாச்சு. ரெண்டு தடவையும் நீங்க எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீக. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் தலையக் குனியவிடாம வச்சிருப்பேன்."

தெரியாது என்று சொல்கிற வழியை ஜாஸ்மின் தானே அடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க வேண்டிய பேச்சு என்று நின்று வாங்கினாள்.

ஞானப்பூ கோபத்தை விழுங்கிக்கொண்டு ஷெரினைக் கூப்பிட்டாள். பால்கோவா பெட்டியை அவள் கையில் கொடுத்து, உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு கண்ணு என்றாள். தலையைத் தடவினாள். போகும்போது ஜாஸ்மின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மூணாவது ஓலை வாசிக்காம நான் நிறுத்திக்கிடுதேன். எங்க வீட்ல அவுகளுக்கு நான் சொல்லுதேன். ஒங்க வீட்ல அவுகளுக்கு நீங்க சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க. வேற ஒருத்தர் வாயால அவுக கேட்டா, ஒங்க மூத்தவள உசுரோட விடமாட்டாக."

*

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், அந்த ஆபீஸ் எங்க இருக்கு, காட்டு என்றாள் ஜாஸ்மின். ஷெரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பத்திரப் பதிவுக்கு வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வராந்தாச் சுவரில் கம்பி வலை போட்ட பலகை. ஏல அறிவிப்பு, விடுமுறை அறிவிப்பு, அதற்கு நடுவே ஒரு காகிதம். ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. இரண்டு சின்னப் போட்டோ. ஒன்றில் கௌதம்ராஜ். இன்னொன்றில் பிரிஸ்கில்லா, ஜாஸ்மின் இன்னும் உடுத்தாமல் வைத்திருந்த மாம்பழ நிறச் சேலையில்.

ஜாஸ்மின் வலைக்கு முகத்தைக் கொடுத்துப் படித்தாள். பெண்ணின் பெயர், வயது, தகப்பனார் பெயர், தாயார் பெயர், வீட்டு எண். இத்தனை மாதமாகக் கொக்கியும் புள்ளியுமாகப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்தவளுக்கு, அன்றைக்கு முதல் தடவையாகப் படித்தால் விளங்குகிற எழுத்து. ஓர் எழுத்து விடாமல் விளங்கியது. வழக்கப்படி விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போனாள்.

உள்ளே இருந்து வந்த அலுவலர் ஒருவர் சாவிக்கொத்தோடு நின்றார். அந்த நோட்டீஸ் விஷயமாகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது நாள் முடிகிறது, சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது, ஆட்சேபணை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுக்க வேண்டும் என்றார்.

"நீங்க யாரும்மா?"

"பொண்ணோட அம்மா."

அவர் கையில் இருந்த சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. வெள்ளைத் தாள் வேணுமா என்று கேட்டார்.

ஜாஸ்மின் இன்னொரு தடவை மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். குறை இருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

"வேண்டாம் சார். பேரெல்லாம் சரியா போட்டிருக்கான்னு பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

மன்னித்துவிட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்து படியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பிரிஸ்கில்லாவை எந்த முகத்தோடு பார்ப்பது, சாம்சனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாமா, அதற்கு முன்னாலா. மெதுவாக, தானே, தன் வாயால். அது மட்டும் தெரிந்தது. ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

போன் அடித்தது. சாம்சன். மில் டீக்கடைச் சத்தத்துக்கு மேல் அவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த ஷெரினுக்கும் கேட்டது. இத்தனை சந்தோஷமாக அவர் குரலை ஜாஸ்மின் கேட்டு நாளாகிவிட்டது.

"ஜாஸ்மினு, டீச்சரம்மா குரூப்புல போட்ட வீடியோவப் பாத்தேன். எம்மவ என்னமா பேசுதா. நடுவுல நின்னா பாரு, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. பொறவு புடிச்சா பாரு ஒரு புடி."

ஏங்க, ஒரு விஷயம் என்று ஜாஸ்மின் ஆரம்பித்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"கேளு. நமக்கு ஒரு எழவும் வெளங்கல, வெளங்குனவுக பாக்கட்டும்னு பம்பாய்க்கு அனுப்பிட்டேன். தவசிமுத்து அண்ணனுக்கு. முப்பது வருஷமா அங்க கெடக்காக, அவுகளுக்குத் தமிழவிட இந்திதான் நல்லா வரும். என்ன பேசியிருக்கான்னு வரி வரியா எனக்குச் சொல்லணும்னு கேட்டிருக்கேன். பாத்துட்டாக போல, ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு."

ஜாஸ்மின் எழுந்து நின்றுவிட்டாள்.

"இந்தா, அண்ணன்தான் கூப்புடுதாக. செத்த நேரம் வையி."

"ஏங்க, எடுக்காதீக. நான் சொல்லுதேன், நான் சொல்லுததக் கேளுங்க, அத எடுக்காதீக."

அதற்குள் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஷெரின் பால்கோவா ஒட்டிய விரலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, பெரியப்பாவுக்குப் புடிச்சிருந்துச்சாமா?"